கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுகள் எங்கிருந்து வந்தன?

கேட்கப்பட்ட கேள்வி இது: டிசம்பர் மாதம் ஆலயத்திலும் தெருவிலும் பாடுகிற கேரல் பாட்டுகள் எவ்வளவு பழமையானவை? யார் எழுதியவை? சில பாட்டுகளில் இயேசுவின் பிறப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அது ஏன்?

முதலில் நேரடியான பதில். இன்று நாம் பாடுகிற கேரல்களில் பெரும்பாலானவை இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் பாட்டைப் பிரித்துப் பார்த்தால் சொல் ஒரு காலத்தைச் சேர்ந்ததாக இருக்கும், மெட்டு வேறொரு காலத்தைச் சேர்ந்ததாக இருக்கும். இரண்டையும் இணைத்தவர் மூன்றாவது ஆளாக இருப்பார். எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஒருவரையொருவர் பார்த்தேயிராத பாட்டுகள் ஏராளம். அதனால் "இந்தக் கேரலை யார் எழுதினார்?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைச் சொல்வது பெரும்பாலும் முடியாது.

கிறிஸ்து பிறப்புக்கென்று தனிப்பாட்டு எழுதும் வழக்கம் 4-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. மிலான் நகரப் பேராயர் அம்புரோஸ் லத்தீனில் எழுதினார். ஸ்பெயினைச் சேர்ந்த புருதென்சியுஸ் எழுதினார். கிழக்கே எப்ரேம் சிரியாக் மொழியில் பிறப்புப் பாடல்களை ஒரு தொகுதியாகவே எழுதினார். ஆனால் இவற்றைக் கேரல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இவை வழிபாட்டுக் கீதங்கள், ஆழ்ந்த இறையியல் உள்ளவை. மேற்கு ஐரோப்பாவில் காலம் போகப்போக லத்தீன் குருக்களின் மொழியாக மட்டும் நின்றுவிட்டது. உழவனும் நெசவாளியும் ஆலயத்தில் நின்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

கேரலின் வேர் அங்கே இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் 'கரோல்' என்றால் ஒரு வட்ட ஆட்டம். கைகோத்து வட்டமாக நிற்பார்கள். ஒருவர் சரணத்தைப் பாட, மற்றவர்கள் சுற்றிவந்தபடியே பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். நம் கும்மியை நினைத்துக்கொண்டால் போதும், அதன் கட்டமைப்பு புரிந்துவிடும். காதல், வசந்தம், அறுவடை என எதைப் பற்றியும் பாடலாம். கிறிஸ்துமஸுக்கும் இதற்கும் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை. ஆலய வளாகத்தில் ஆடக்கூடாது என்று திருச்சபைப் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கண்டித்தார்கள். அத்தனை முறை கண்டிக்க வேண்டியிருந்தது என்றால், மக்கள் ஆட்டத்தை விடவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த ஆட்டப்பாட்டு வடிவமும் கிறிஸ்து பிறப்பும் ஒன்றுசேர்ந்ததில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல், முன்னணை, மாடு, கழுதை என்று பிறப்புக் காட்சியை நேரில் அமைத்துக் காட்டினார். அவர் வழிவந்தவர்கள் ஊர் ஊராகப் போய் மக்கள் மொழியில் பிரசங்கம் செய்தார்கள். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளிலேயே பாட்டும் கட்டினார்கள். அரண்மனை ராஜாவாக அல்ல, குளிரில் நடுங்கும் குழந்தையாக இயேசு பாட்டுக்குள் வருவது அந்தக் காலத்தில்தான் வலுப்பட்டது.

ஆங்கிலத்தில் எழுத்தில் கிடைக்கும் சான்று 1426-ஐச் சேர்ந்தது. ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஜான் ஆட்லே என்ற குருவானவரின் கையெழுத்துப் படியில் 25 கேரல்கள் இருக்கின்றன. அப்போது அவருக்குக் கண் பார்வையும் காது கேட்கும் திறனும் போயிருந்தன. பெரியவர் சிறியவர் எல்லாரும் கிறிஸ்துமஸில் இவற்றைப் பாடுங்கள் என்று அதில் கேட்டுக்கொள்கிறார். 1521-இல் லண்டன் அச்சுக்காரர் விங்கின் டி வோர்ட் கேரல் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். அதில் மிஞ்சியது ஒரே ஒரு தாள். அந்தத் தாளில் இருப்பது விருந்தில் பன்றித்தலையைத் தட்டில் ஏந்திவரும்போது பாடும் பாட்டு. ஆக்ஸ்போர்டு குயின்ஸ் கல்லூரியில் அந்தப் பாட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. கேரல் என்றாலே பக்திப்பாட்டு என்று நினைப்பவர்கள் இந்தத் தாளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பாட்டுகளில் என்னை மிகவும் உலுக்குவது 'கவென்ட்ரி கேரல்'. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒவ்வொரு கைத்தொழிலாளர் சங்கமும் வேதாகமக் கதையில் ஒரு பகுதியை எடுத்துத் தெருவில் நாடகமாகப் போடும். கத்தரிப்பவர்களும் தையற்காரர்களும் சேர்ந்த சங்கத்தின் பங்கு கிறிஸ்து பிறப்பு. ஏரோது ராஜாவின் சேவகர்கள் குழந்தைகளைக் கொல்ல வருவதற்குச் சற்று முன்னால், மூன்று தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடுவார்கள். அந்தத் தாலாட்டுதான் இந்தக் கேரல். நாடக உரை 1534-இல் எழுதப்பட்டது, இசை 1591-இல் சேர்க்கப்பட்டது. மூல ஏடு 1879-இல் பர்மிங்ஹாம் நூலகத் தீயில் எரிந்துபோனது. அதற்கு முன்பே ஓர் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் அதை அச்சிட்டுவிட்டதால்தான் பாட்டு நமக்குக் கிடைத்தது. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் கவென்ட்ரி பேராலயம் இடிந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அந்த இடிபாட்டிலிருந்தே இந்தத் தாலாட்டு பிபிசி வானொலியில் ஒலிபரப்பானது.

அடுத்தது தடைக்காலம். மன்னராட்சியை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்ட குரொம்வெல் கிறிஸ்துமஸைத் தடை செய்தார் என்று பலரும் சொல்வார்கள். செய்தது அவர் அல்ல, பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர் கையிலிருந்த நாடாளுமன்றம். 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் உள்பட திருநாள்களையே சட்டப்படி ஒழித்தார்கள். வேதாகமத்தில் இல்லாத கொண்டாட்டம், குடியும் கூத்தும் மிகுந்தது என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு டிசம்பர் 25 அன்று கடைகளைத் திறக்கச் சொன்னதற்குக் கேன்டர்பரியில் கலவரமே வெடித்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் திருநாளும் திரும்பியது. ஆனால் பாட்டு உடனே ஆலயத்துக்குள் போகவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையில் அப்போது சபையார் பாடியது பெரும்பாலும் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தைச் செய்யுளாக்கிய பாட்டுகள் மட்டுமே.

அந்தப் பூட்டைத் திறந்த பாட்டு நமக்கு நன்றாகத் தெரிந்தது. தமிழில் 'ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்' என்று பாடுகிறோமே, அதன் மூலம். அரசவைக் கவிஞரான நேகம் டேட் எழுதியதாகக் கருதப்படும் இது 1700-இல் சங்கீதப் புத்தகத்தின் இணைப்பில் வந்தது. லூக்கா நற்செய்தியின் கதையை அப்படியே செய்யுளாக்கியதால் யாரும் குறை சொல்ல இடமில்லை. நீண்ட காலத்துக்கு அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்ட கிறிஸ்துமஸ் பாட்டு இது ஒன்றுதான்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும், அது தெரிந்தால் கேரல் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். பல ஞானப்பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பருகே 8.6.8.6 என்பதுபோல எண்கள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்ற கணக்கு அது. அதே கணக்கில் அமைந்த எந்த மெட்டையும் அந்தப் பாட்டுக்குப் பயன்படுத்தலாம். டேட்டின் பாட்டு எளிமையான 8.6.8.6 அளவில் இருந்ததால், ஊருக்கு ஊர் தங்கள் மெட்டில் பாட ஆரம்பித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மெட்டுகள் அதற்கு உண்டு.

அந்த மெட்டுகளில் சில இன்னும் உயிரோடு இருப்பது மதுக்கடைகளில். ஷெஃபீல்டு நகரை ஒட்டிய கிராமங்களில் முன்பு ஆலயத்தின் மாடத்தில் வயலின், பசூன், செல்லோ எல்லாம் வைத்து ஊர்க்காரர்களே வாசித்துப் பாடுவார்கள். விக்டோரியா காலத்தில் குருமார்கள் ஆர்கனையும் வெள்ளை அங்கி அணிந்த பாடகர் குழுவையும் கொண்டுவந்து இவர்களை ஒதுக்கினார்கள். இவர்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் மதுக்கடைக்குப் போய்விட்டார்கள். நவம்பர் பாதியில் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும்வரை, ஞாயிறு மதியங்களில் இன்றும் அங்கே நாலு குரலில் பாடுகிறார்கள். டேட்டின் அந்த ஒரு பாட்டையே வேறு வேறு மெட்டில் அடுத்தடுத்துப் பாடுவதை அங்கே கேட்கலாம். பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, தேடிக் கேளுங்கள்.

சொல்லும் மெட்டும் தனித்தனியே வந்து சேர்ந்ததற்குச் சிறந்த உதாரணம் 'கேள்! ஜென்மித்த ராயர்க்கே'. ஆங்கில மூலத்தைச் சார்லஸ் வெஸ்லி 1739-இல் வெளியிட்டார். முதல் அடி இன்று பாடுவது அல்ல; அதில் தேவதூதர்களே கிடையாது, வானமெல்லாம் முழங்குவதாகத்தான் வரும். 1753-இல் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு அந்த அடியை மாற்றித் தூதர்களைக் கொண்டுவந்தார். மெட்டின் கதை தனி. 1840-இல் லைப்சிக் நகரில் அச்சுக்கலையின் 400-ஆவது ஆண்டுவிழா. கூட்டன்பர்க்கின் புகழ் பாட, திறந்தவெளியில் ஆண்கள் குழுவும் பித்தளைக் கருவிகளும் சேர்ந்து இசைக்க ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டெல்சோன் ஓர் இசைப்படைப்பு எழுதினார். அதில் ஒரு பகுதிதான் இந்த மெட்டு. இதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் போட்டால் நன்றாக இருக்கும், ஆனால் பக்திச் சொற்கள் ஒருபோதும் பொருந்தாது என்று அவரே கடிதத்தில் எழுதினார். அவர் 1847-இல் இறந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, வால்தம் அபே ஆலயத்தின் இளம் ஆர்கன் வாசிப்பாளர் வில்லியம் கம்மிங்ஸ் வெஸ்லியின் சொற்களை அந்த மெட்டில் ஏற்றினார். அந்த இணைப்பு அசைக்க முடியாதபடி நிலைத்துவிட்டது. இந்த விஷயத்தில் மெண்டெல்சோனின் கணிப்பு தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். பித்தளைக் கருவிகளுக்காக எழுதப்பட்ட அந்த நிமிர்ந்த நடைதான் தூதர் சேனை பாடுவதற்கு வேண்டிய கம்பீரத்தைக் கொடுக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேரல் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் அரையணா மாதிரி சில்லறைக் காசுக்கு விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகளிலும் கார்ன்வால் போன்ற மேற்குப் பகுதிகளிலும்தான் மிஞ்சியிருந்தது. கார்ன்வாலைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவீஸ் கில்பர்ட் 1822-இல் ஒரு சிறிய தொகுப்பைக் கொண்டுவந்தார். வழக்கறிஞர் வில்லியம் சாண்டிஸ் 1833-இல் பெரிய தொகுப்பு வெளியிட்டார். 'முதல் நோயல்' பரவலாகத் தெரியவந்தது இவர்களால்தான். 1871-இல் பிராம்லியும் ஸ்டெய்னரும் நாலு குரல் அமைத்து வெளியிட்ட புத்தகம், எந்த ஊர்ப் பாடகர் குழுவும் பாடக்கூடிய வடிவத்தைக் கொடுத்தது. "பழமையான கேரல் ஒலி" என்று நாம் மனதில் வைத்திருப்பது உண்மையில் அந்த விக்டோரியா காலத்து நாலு குரல் ஒலிதான்.

ஆஸ்திரியாவுக்குப் போவோம். தமிழில் 'ஒப்பில்லா திரு இரா' என்று பாடுவதன் கதை பலமுறை சொல்லப்பட்டது, ஆனால் பெரும்பாலும் எலிக்கதையோடு சேர்த்துத் தப்பாகச் சொல்லப்பட்டது. எலி ஆர்கன் துருத்தியைக் கடித்துவிட்டதால் அவசரமாகக் கிதாருக்கு எழுதினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடந்தது இது. யோசெப் மோர், சல்ஸ்பர்க்கில் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண்ணுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அப்பா ஒரு சிப்பாய், விட்டுப் போய்விட்டார். ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாகப் பதிவானவர் ஊரின் மரண தண்டனை நிறைவேற்றுபவர். குரல் நன்றாக இருந்ததால் திருச்சபையார் படிக்கவைத்து அவர் குருவானவர் ஆனார். மரியாபார் என்ற மலைக்கிராமத்தில் இருந்தபோது, 1816-இல் ஆறு சரணங்கள் கொண்ட கவிதை எழுதினார். நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. அந்த ஆண்டு கோடையே வரவில்லை, பயிர் விளையவில்லை, பஞ்சம். அந்தக் கவிதையில் 'அமைதி' என்ற சொல்லை இந்தப் பின்னணியில் வைத்து வாசிக்க வேண்டும். நாலாவது சரணம் உலக மக்கள் அனைவரையும் இயேசு சகோதரராக அணைத்துக்கொள்வதைச் சொல்கிறது. வழக்கமாகப் பாடும் மூன்று சரணங்களில் அது இல்லாமல் போனது பெரிய இழப்பு.

1818 டிசம்பர் 24 அன்று, ஓபர்ன்டோர்ஃப் ஊரில் துணைக்குருவாக இருந்த மோர் கவிதையைப் பிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்தார். குரூபர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர், ஆலயத்தில் ஆர்கனும் வாசிப்பவர். இரண்டு தனிக்குரல், குழு, கிதார் என்று மெட்டமைத்துத் தரும்படி மோர் கேட்டார். அன்று இரவே மோர் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலில் பாடியபடி கிதார் வாசிக்க, குரூபர் பாஸ் என்ற தாழ்ந்த குரலில் பாடினார். சில்லெர்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆர்கன் செய்பவர் ஒருவர் பாட்டைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஸ்ட்ராசர் குடும்பத்தார் கையுறை வியாபாரிகள். லைப்சிக் சந்தைக்குக் கையுறை விற்கப்போன இடத்தில் 1830-களின் தொடக்கத்தில் இதைப் பாடினார்கள். சீக்கிரமே டிரெஸ்டனில் "அசல் திரோல் நாட்டுப் பாட்டுகள்" என்ற பெயரில் அச்சானது. எழுதியவர் பெயரும் இல்லை, மெட்டமைத்தவர் பெயரும் இல்லை. ரெய்னர் குடும்பப் பாடகர்கள் 1839-இல் அதை நியூயார்க் வரைக்கும் கொண்டுபோனார்கள்.

மோர் 1848-இல் வாக்ரைன் என்ற ஊரில் ஏழையாகவே இறந்தார். 1854-இல் பெர்லின் அரசவை இசைக்குழுவிலிருந்து, இந்தப் பாட்டு இசையமைப்பாளர் மிகாயேல் ஹைடனுடையதா என்று சல்ஸ்பர்க்குக்குக் கடிதம் வந்தது. அப்போதுதான் குரூபர் உட்கார்ந்து, நடந்ததை எழுதி டிசம்பர் 30 அன்று கையெழுத்திட்டார். அதிலும் சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 1995-இல் மோரின் கைப்பட எழுதிய இசைத்தாள் கிடைத்தது. சொற்களுக்கு 1816 என்று ஆண்டும், மெட்டுக்குக் குரூபர் என்று பெயரும் அதில் மோரே குறித்திருக்கிறார். சந்தேகம் தீர்ந்தது.

சரி, இயேசு பிறப்பே இல்லாத கேரல்கள் எப்படி வந்தன? அவை குளிர்காலப் பாட்டாகவோ வேறு காலத்துப் பாட்டாகவோ பிறந்து, பருவம் ஒத்துவந்ததால் உள்ளே வந்தவை. 'குட் கிங் வென்செஸ்லாஸ்' பாட்டின் மெட்டு 1582-இல் வெளியான லத்தீன் தொகுப்பில் இருந்த வசந்தகாலப் பாட்டுடையது. 1853-இல் ஜான் மேசன் நீல் அதற்கு பொஹீமியா நாட்டுக் கோமகன் ஒருவர் பனியில் ஏழைக்கு உதவிய கதையை எழுதினார். 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' உக்ரைனியப் பாட்டு. வீட்டுக்காரருக்கு நல்ல காலம் வருகிறது என்று ஒரு தகைவிலான் குருவி வந்து சொல்வதுதான் அதன் பொருள், மணியே அதில் கிடையாது. அதை அமைத்த மிக்கோலா லியோன்டோவிச்சை 1921 ஜனவரியில் சோவியத் ரகசியப் போலீஸ்காரன் ஒருவன் சுட்டுக்கொன்றான். அவர் இறந்து பதினைந்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் மணிகளைப் பற்றிய ஆங்கில வரிகள் ஏறின. 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857-இல் வந்த பனிவண்டிப் பாட்டு. 'கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள்' கத்தோலிக்கர்களின் ரகசிய ஞானோபதேசம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் இல்லை. 1780 வாக்கில் குழந்தைகள் புத்தகத்தில் ஞாபக விளையாட்டாக வந்தது அது.

சென்னையிலும் நெல்லையிலும் நாம் மெழுகுவர்த்தி ஏந்தி ஒன்பது வாசிப்புகளோடு நடத்துகிற கீத ஆராதனைக்கும் தெளிவான தேதி உண்டு. 1880 டிசம்பர் 24 இரவு, கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் பேராலயம் கட்டி முடியாத நிலையில், தற்காலிக மரக்கொட்டகை ஒன்றில் பிஷப் பென்சன் முதலில் நடத்தினார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அதைத் தொடங்கியவர் எரிக் மில்னர்-ஒயிட். முதல் உலகப்போரின் போர்முனையில் ராணுவக் குருவாக இருந்து திரும்பியவர். 1918 டிசம்பர் 24, போர் நின்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 1928-இலிருந்து பிபிசி ஒலிபரப்புகிறது, 1930 மட்டும் விடுபட்டது. முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான். யார் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. பலரைத் தயார் செய்து வைத்து, ஒலிபரப்பு தொடங்கும் நொடியில் இயக்குநர் ஒருவனைக் கைகாட்டுவார். பதற்றப்பட நேரம் கிடைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தமிழில் இந்தப் பாட்டுகள் இரண்டு வழியாக வந்தன. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த ஜெர்மன் மிஷனரி ஐயர்மாரும் தங்கள் ஊர் மெட்டிலேயே தமிழ்ச் சொற்களை ஏற்றினார்கள். பிறகு ஆங்கில மிஷன்களும் அப்படியே செய்தன. இன்றைய பாமாலைகள் அந்த வழியில் வந்தவை. இன்னொரு வழி, சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் திறந்தது. கிறிஸ்துவைப் பாடக் குறவஞ்சியையே எடுத்து 1800 வாக்கில் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். மக்கள் ரசித்து ஆடிய கூத்து வடிவத்துக்குள் பெத்லகேமைக் கொண்டுவந்தார். ராகம் தாளம் போட்டு நாம் பாடுகிற கீர்த்தனைகளுக்கு அவரே பெரிய ஊற்று. இங்கிலாந்திலும் இத்தாலியிலும் வட்ட ஆட்டத்து மெட்டை எடுத்துப் பிறப்புப் பாட்டுக் கட்டியவர்கள் செய்த வேலைக்கு மிக நெருங்கியது, மொழிபெயர்த்த கேரலைவிட, சாஸ்திரியார் செய்ததுதான் என்பது என் கருத்து. உங்கள் சபையின் கேரல் ஆராதனைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், பாமாலை நாலு எடுக்கும்போது கீர்த்தனையும் நாலு எடுத்துவையுங்கள்.